"வரலாம் வரலாம்" சொன்ன அப்பாவும், பில்லு கட்டுன கிரெடிட் கார்டும்

அமெரிக்காவுல ரென்டல் கார் கவுண்டர்ல நின்னவங்களுக்கு இந்த சீன் புதுசு இல்ல. ராத்திரி பதினோரு மணி, ஃப்ளைட் லேட்டு, தோள்ல தூங்குற கொழந்தை, கையில ரெண்டு பெட்டி, பின்னாடி நீளமா க்யூ. கவுண்டர்ல இருக்குற ஆளு ரொம்ப தன்மையா சிரிச்சுக்கிட்டே டேப்லட்டை நம்ம பக்கம் தள்ளி "கவரேஜ் போட்டுறலாம்ல, ஒரு நாளைக்கு 29 டாலர்தான், இல்லேன்னா காருக்கு என்ன ஆனாலும் நீங்கதான் பொறுப்பு"ன்னு சொல்வாரு. அந்தக் கடைசி வார்த்தையில நமக்கு அடிவயிறு கலங்கிரும், கையெழுத்தைப் போட்டு சாவிய வாங்கிட்டு ஓடிருவோம்.

நான் அப்படித்தான் ஆறு வருஷம் ஓடிருக்கேன். ஒரு நாள் ஆஃபீஸ் லஞ்ச்ல எங்க டீம் சேலத்துக்கார அண்ணன் ஒருத்தர் "உன்கிட்ட என்ன கார்டு இருக்கு?"ன்னு கேட்டாரு, சொன்னேன், மனுஷன் தயிர் சாதத்தை அப்படியே வச்சுட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "டேய், அந்த கார்டுலயே கார் டேமேஜ் கவரேஜ் இருக்குடா, நீ எதுக்குடா தனியா அழுவுற?" அன்னிக்கு சாயங்காலம் உக்காந்து பழைய ரசீதெல்லாம் தோண்டி கணக்குப் போட்டேன். ஆயிரம் டாலருக்கு மேல போயிருந்துச்சு. பொண்டாட்டிகிட்ட அந்த நம்பரை இன்னிக்கு வரைக்கும் சொல்லல, அவ இந்த ப்ளாக் படிக்க மாட்டாங்குற தைரியத்துலதான் இங்க எழுதுறேன்.

முதல்ல கவுண்டர்ல விக்கிறது என்னன்னு பார்ப்போம். சிடிடபிள்யூ இல்ல எல்டிடபிள்யூன்னு போட்டிருப்பாங்க. நாம அதை இன்சூரன்ஸ்னு நினைச்சுக்கிறோம், ஆனா அது இன்சூரன்ஸே கிடையாது, "வண்டிக்கு ஏதாவது ஆனா உன்கிட்ட காசு கேக்க மாட்டோம்"னு கம்பெனியே எழுதித் தர்ற ஒரு வாக்கு, அவ்ளோதான். இதே வேலையத்தான் நிறைய கிரெடிட் கார்டு தனி காசு இல்லாம செய்யுது. வண்டி டேமேஜ் ஆனாலோ திருடு போனாலோ ரிப்பேர் செலவு, டோயிங் செலவு, வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குற நாளுக்கு கம்பெனி கேக்குற நஷ்டம், இதெல்லாம் கார்டு பக்கம் பார்த்துக்கும். தப்பு நம்மளுதா இருந்தாலும் பரவால்ல. ஆனா மூணு விஷயம் சரியா இருக்கணும். முழு வாடகையும் அந்த கார்டுலயே போட்டிருக்கணும், ரென்டல் அக்ரிமென்ட்ல மெயின் டிரைவரா கார்டுக்காரர் பேரே இருக்கணும், கவுண்டர்ல விக்கிற அந்த சிடிடபிள்யூவ வேணாம்னு சொல்லிருக்கணும். கடைசி விஷயத்துலதான் பாதிப்பேர் கோட்டை விடுறாங்க, ஏன்னா ரெண்டும் இருந்தா ரெட்டைப் பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு. அங்க வாங்கிட்டா கார்டு கவரேஜ் அந்த நிமிஷமே அவுட்டு.

சரி கதைக்கு வர்றேன். போன வருஷம் ஜூன்ல அப்பா அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. டல்லாஸ் வெயிலைப் பார்த்துட்டு அப்பா "இதுக்கு நான் மதுரையிலயே இருந்திருப்பேனே"ன்னு ஆரம்பிச்சதும், குளுகுளுன்னு எங்கயாவது கூட்டிட்டுப் போவோம்னு கொலராடோ ப்ளான் பண்ணேன். டென்வர் ஏர்போர்ட்ல எறங்கி, ஷட்டில் பஸ் பிடிச்சு ரென்டல் ஆஃபீஸ் போய், ஒரு மினிவேன். கவுண்டர் பையன் வழக்கமான பாட்டை ஆரம்பிச்சான். நான் இந்த தடவை படிச்சுட்டு வந்திருக்கேன்ல, கெத்தா "நோ தேங்க்ஸ், கார்டுல இருக்கு"ன்னேன். அவன் விடல, "லாஸ் ஆஃப் யூஸ்லாம் கார்டுல வராது சார்"னான். அதாவது வண்டி ரிப்பேர்ல நிக்குற நாளுக்கு கேக்குற நஷ்டம். அது வரும், ஆனா அதுக்கு ஒரு பேப்பர் வேணும், பின்னாடி சொல்றேன். பக்கத்துல நின்ன அப்பாதான் டென்ஷன் ஆயிட்டாரு. ஊர்ல கூட்டுறவு பேங்க்ல 31 வருஷம் வேலை பார்த்தவரு, கையெழுத்து, கியாரண்டி, பொறுப்புன்னாலே உஷாராயிருவாரு. "என்னப்பா அவன் பொறுப்பு பொறுப்புங்குறான், நீ வேணாம் வேணாங்குற?"

"கார்டு கம்பெனி பார்த்துக்கும்பா."

"கார்டுக்காரன் எதுக்குடா உனக்கு காசு குடுக்கணும்? அவன் என்ன உன் மாமனா மச்சானா?"

நல்ல கேள்வி. எனக்கு அப்ப பதில் தெரியல, சும்மா சிரிச்சு வச்சேன். அப்பா அந்த ரென்டல் பேப்பரை வாங்கி நாலா மடிச்சு மஞ்சப்பையில வச்சாரு. ஆமா, அமெரிக்காவுக்கும் மஞ்சப்பை வந்திருந்துச்சு, ஏதோ ஒரு ஜவுளிக்கடை பேரோட, பாஸ்போர்ட்லேருந்து மாத்திரை வரைக்கும் எல்லாம் அதுக்குள்ளதான்.

மறுநாள் ராக்கி மவுன்டன் நேஷனல் பார்க். ட்ரெயில் ரிட்ஜ் ரோடு 12,000 அடிக்கு மேல போகும், ஜூன்லயும் ரோடு ஓரத்துல ஐஸ் கிடக்கும், அம்மா அதை அள்ளி அள்ளி கன்னத்துல வச்சுக்கிட்டாங்க. கொடைக்கானல் மாதிரியே இருக்குன்னு வேற சொன்னாங்க, எதைக் காட்டினாலும் அதுதான். எல்லாம் நல்லா முடிஞ்சு ராத்திரி எஸ்டஸ் பார்க் ஊர்ல தங்குனோம். காலைல கெளம்பும்போது வண்டிய ரிவர்ஸ் எடுக்கணும். அந்த மினிவேன்ல பின்னாடி கேமரா இருக்கு, பீப் பீப்னு கத்தும். ஆனா நம்ம அப்பா பின்னாடி போய் நின்னு கையை ஆட்டி "வரலாம்... வரலாம்... வரலாம்..."னு சொல்லும்போது கேமராவைப் பார்த்தா அவரை மதிக்காத மாதிரி ஆயிடும்ல. நான் கண்ணாடில அப்பாவைப் பார்த்துக்கிட்டே வர்றேன். சரியா அந்த நேரத்துல ரோட்டுக்கு அந்தப் பக்கம் எல்க்னு ஒரு வகை மான் கூட்டம், பெரிய கொம்போட நம்மூரு எருமை சைஸுக்கு, மெதுவா நடந்து போகுது. அப்பா திரும்பி அதைப் பார்த்துக்கிட்டே வாயி மட்டும் "வரலாம், வரலாம்"ங்குது.

டமார்.

மஞ்ச கலர்ல ஒரு இரும்புக் குழாய், உள்ள சிமென்ட் நிரப்பி நட்டு வச்சிருப்பாங்களே, அது. பின் பம்பர் உள்ள போயிருச்சு, ஒரு டெயில் லைட் சுக்கு நூறு. ரெண்டு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அப்பா ரொம்ப அமைதியா "நிறுத்துன்னு சொல்றதுக்குள்ள இடிச்சுட்டியே"ன்னாரு.

இங்கதான் நான் படிச்சது கொஞ்சம் உதவுச்சு. கையில மொபைல் எடுத்து நாலு பக்கமும் போட்டோ, அந்தக் குழாயோட ஒரு போட்டோ, ஓடோமீட்டர், நம்பர் ப்ளேட். ரென்டல் கம்பெனிக்கு அங்கேருந்தே போன். வண்டி ஓடுற நிலைமைல இருந்ததால டென்வர்ல திருப்பிக் குடுக்கும்போது ஆக்சிடென்ட் ரிப்போர்ட் எழுதிக்கலாம்னாங்க. கார்டு பின்னாடி இருக்குற நம்பருக்கு அடிச்சு பெனிஃபிட்ஸ் டிபார்ட்மென்ட் கேட்டு, அங்க ஒரு க்ளெய்ம் நம்பர் வாங்குனேன். இதைத் தள்ளிப் போடக்கூடாது. விசா கார்டுல சிக்னேச்சர்னு ஒரு ரகம் இருக்கு, அதோட வழக்கமான ரூல்ல விபத்து நடந்து 45 நாளுக்குள்ள சொல்லணும், 90 நாளுக்குள்ள ஃபார்ம் போகணும், மத்த பேப்பரெல்லாம் 365 நாளுக்குள்ள. சில பேர் ரென்டல் கம்பெனிலேருந்து பில்லு வரட்டும் அப்புறம் பார்த்துக்கலாம்னு உக்காந்திருப்பாங்க, அந்த பில்லு வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள முதல் கெடு தாண்டிரும்.

இன்னொரு முக்கியமான விஷயம், ப்ரைமரியா செகண்டரியாங்குறது. நிறைய சாதாரண கார்டு அமெரிக்காவுக்குள்ள செகண்டரிதான், அதாவது முதல்ல உங்க சொந்த கார் இன்சூரன்ஸ் குடுக்கணும், மிச்சம் மீதி, டிடக்டிபிள் மாதிரி நம்ம கையை விட்டுப் போறதை மட்டும் கார்டு குடுக்கும். அப்படி சொந்த இன்சூரன்ஸுக்குப் போனா அடுத்த வருஷம் ப்ரீமியம் ஏறுமோன்னு ஒரு பயம் இருக்கும். சேஸ் சஃபையர் ப்ரிஃபர்ட், சஃபையர் ரிசர்வ், கேப்பிட்டல் ஒன் வென்ச்சர் எக்ஸ் மாதிரி கார்டெல்லாம் ப்ரைமரி, சொந்த இன்சூரன்ஸ் பக்கமே போக வேண்டாம். அமெக்ஸ், அதாவது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு சும்மா வச்சிருந்தா செகண்டரி, ஆனா அவங்ககிட்டயே ப்ரீமியம் கார் ரென்டல் ப்ரொடெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு, ஒரு தடவை சேர்ந்துட்டா ஒவ்வொரு ரென்டலுக்கும் மொத்தமா 25 டாலருக்குள்ள எடுத்துக்குவாங்க, நாள் கணக்கு இல்ல, ட்ரிப் கணக்கு. கவுண்டர்ல ஒரு நாளைக்கு கேக்குற காசு அது. புதுசா எச்-1பி வேலை விசால வந்து இன்னும் கார் வாங்காதவங்க, நியூயார்க்ல ட்ரெயின்லயே காலத்தை ஓட்டுறவங்க, இவங்களுக்கெல்லாம் சொந்த கார் இன்சூரன்ஸே இருக்காது, அதனால செகண்டரி கார்டே பெரும்பாலும் ப்ரைமரி மாதிரி வேலை செஞ்சிரும். வெளிநாட்டுல ஓட்டும்போதும் பல கார்டுல அதே கதைதான்.

ஆனா ஒண்ணு, இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு மாட்டிக்காதீங்க. கார்டு பார்த்துக்குறது நீங்க எடுத்த வண்டிய மட்டும்தான். எதுத்தாப்ல வர்றவன் காரை இடிச்சாலோ, யாருக்காவது அடிபட்டாலோ, அது லயபிலிட்டி, அதுக்கு கார்டு ஒரு பைசா குடுக்காது. எனக்கு டெக்சஸ் இன்சூரன்ஸ் இருக்கு, அந்த லயபிலிட்டி ரென்டல் வண்டிக்கும் கூடவே வரும். சொந்த இன்சூரன்ஸ் இல்லாதவங்க கவுண்டர்ல அந்த லயபிலிட்டிய மட்டுமாவது வாங்கிருங்க, டேமேஜ் கவரேஜ் வேணாம் லயபிலிட்டி மட்டும் வேணும்னு பிரிச்சு சொன்னா குடுப்பாங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணா வீடு வாசல் போயிரும், டெக்சஸ்ல சட்டப்படி குறைஞ்சபட்சமே ஒருத்தருக்கு 30,000 டாலர்தான், இங்க ஆஸ்பத்திரி பில்லு பார்த்தவங்களுக்கு அது எத்தனை நாள் தாங்கும்னு தெரியும்.

கார்டு கை விடுற எடங்களும் இருக்கு. வீடு மாத்த எடுக்குற யூ-ஹால் ட்ரக், பொங்கல் விழாவுக்கு ஆளேத்த எடுக்குற 15 சீட் வேன், மோட்டார் சைக்கிள், ஃபெராரி மாதிரி வண்டிங்க, டூரோ ஆப்ல ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர் எடுக்குற வண்டி, பெரும்பாலும் எதுவும் வராது. ரோட்டை விட்டு எறங்கி காடு மேட்டுல ஓட்டி அடிபட்டாலும் கையை விரிச்சிருவாங்க. நாள் கணக்கும் உண்டு, விசா சிக்னேச்சர்ல பொதுவா உள்நாட்டுல தொடர்ந்து 15 நாள், வெளிநாட்டுல 31 நாள். 16 நாளுக்கு புக் பண்ணா அந்த ஒரு நாளைக்கு மட்டும் இல்லேன்னு நினைக்காதீங்க, மொத்த ட்ரிப்புக்கும் கிடையாது. அமெக்ஸ்ல ஆஸ்திரேலியா, இத்தாலி, நியூசிலாந்து செல்லாது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரூம்மேட் கார்டுல புக் பண்ணி தன் பேர்ல வண்டி எடுத்தான், சியாட்டில் பக்கம் கதவுல பெரிய கீறல், க்ளெய்ம் போட்டான், ரெண்டே வரில பதில் வந்துச்சு, பேரு ஒத்துப் போகலன்னு. பாவம் அந்த ரூம்மேட்டும் அவனும் இப்ப பேசிக்கிறதில்ல.

டல்லாஸ் திரும்புனதும் ஃபார்ம் நிரப்ப உக்காந்தேன். "விபத்து எப்படி நடந்தது, விளக்கவும்"னு ஒரு பெரிய கட்டம். எதை எழுதுறது? எங்கப்பா எல்க் பார்த்தாருன்னா? பின்பக்கம் எடுக்கும்போது கம்பத்துல மோதிருச்சுன்னு ஒரே வரி எழுதி முடிச்சேன். அப்பா பின்னாடி நின்னு படிச்சுட்டு "என் பேரு எங்கயும் வரலையே"ன்னு ரெண்டு தடவை செக் பண்ணிக்கிட்டாரு. அப்புறம் பேப்பர் கேட்டாங்க. கார்டு ஸ்டேட்மென்ட், ரென்டல் அக்ரிமென்ட் எடுக்கும்போது குடுத்தது ஒண்ணு, திருப்பிக் குடுத்ததும் தர்ற ஃபைனல் ஒண்ணு, ரிப்பேர் பில்லு ஐட்டம் ஐட்டமா, போட்டோ, கம்பெனி அனுப்புன டிமாண்ட் லெட்டர். எடுக்கும்போது குடுத்த அக்ரிமென்டை நான் எங்க வச்சேன்னு சுத்தமா தெரியல, கார்லயே விட்டுட்டேன்னு நினைச்சு வேர்த்துப் போச்சு. அப்பா எந்திரிச்சு உள்ள போய் மஞ்சப்பையிலேருந்து நாலா மடிச்ச பேப்பரை எடுத்து டேபிள்ல வச்சாரு. ஒரு வார்த்தை பேசல. 31 வருஷ சர்வீஸ் அந்த ஒரு சைலன்ஸ்ல இருந்துச்சு.

க்ளெய்ம் போட்டு காத்திருந்த மாசங்கள்ல, ராத்திரி தூக்கம் வராத நேரத்துல கார்டோட பெனிஃபிட்ஸ் கைடை முழுசா படிச்சேன். ஐம்பது பக்கத்துக்கு மேல, எறும்பு மாதிரி எழுத்து. படிக்கப் படிக்க வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. எக்ஸ்டெண்டட் வாரன்டின்னு ஒண்ணு, மூணு வருஷத்துக்குள்ள இருக்குற கம்பெனி வாரன்டிய இன்னும் ஒரு வருஷம் நீட்டிக் குடுக்குது. எங்க வீட்டு டிஷ்வாஷர் வாங்கி 14வது மாசம் படுத்துச்சு, ஒரு வருஷ வாரன்டி முடிஞ்சுதேன்னு 260 டாலர் குடுத்து ரிப்பேர் பண்ணேன். அதே கார்டுலதான் வாங்கிருந்தேன். ட்ரிப் டிலேன்னு இன்னொண்ணு, ஃப்ளைட் 12 மணி நேரத்துக்கு மேல லேட்டானாலோ ராத்திரி தங்க வேண்டி வந்தாலோ ஹோட்டல், சாப்பாட்டுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 500 டாலர் வரைக்கும். முன்னாடி ஒரு பனிக்காலத்துல சிகாகோவுல மாட்டிக்கிட்டு சொந்தக் காசுல ரூம் போட்டவன் நான், ஏர்லைன்ஸ்காரன் வானிலைக்கு நாங்க பொறுப்பில்லன்னு சொல்லிட்டான், நானும் சரின்னு வந்துட்டேன். மொபைல் உடைஞ்சா குடுக்குற கார்டும் இருக்கு, மாசாமாசம் போன் பில்லை அந்த கார்டுல கட்டணும், அவ்ளோதான் கண்டிஷன். வெல்ஸ் ஃபார்கோ ஆக்டிவ் கேஷ்ல வருஷ ஃபீஸே கிடையாது, 600 டாலர் வரைக்கும் குடுக்கும், நம்ம பங்கு 25 டாலர். தொலைச்சுட்டேன்னா வராது, உடையணும் இல்ல திருடு போகணும். பேங்க் ஆஃப் அமெரிக்கா கார்டு இருந்தா மாசத்தோட முதல் முழு வீக்கெண்ட்ல நிறைய மியூசியத்துல கார்டுக்காரருக்கு மட்டும் ஃப்ரீ, அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கத்தான் வேணும், ஆனாலும் ஒரு டிக்கெட் மிச்சம்தானே.

இதையெல்லாம் யாருமே யூஸ் பண்றதில்லங்குறது கார்டு கம்பெனிக்கும் தெரியும். டிஸ்கவர்ங்குற கார்டு கம்பெனி 2018ல ரென்டல் கார் இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி எல்லாத்தையும் ஒரே அடியா தூக்கிட்டாங்க, சொன்ன காரணம் ரொம்ப நாளா யாரும் பெருசா பயன்படுத்தலன்னு. 2019 செப்டம்பர்ல சிட்டி பேங்க்கும் தன்னோட பெரும்பாலான கார்டுல அதே மாதிரி எடுத்துட்டாங்க. அதனால "என் கார்டுல இருக்கு"ன்னு பழைய ஞாபகத்துல கவுண்டர்ல கெத்து காட்டாதீங்க, ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு தடவை அந்த கைடை டவுன்லோட் பண்ணிப் பாருங்க.

கார்டுக்காரன் எதுக்கு காசு குடுக்கணும்னு அப்பா கேட்ட கேள்விக்கும் அப்பத்தான் பதில் கிடைச்சுது. நாம ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் கடைக்காரர்கிட்டேருந்து சுமார் 2 சதவீதம் பிடிச்சுக்கிறாங்க, அதுல கொஞ்சம், வருஷ ஃபீஸ் 95 டாலர்ல கொஞ்சம், மாசக் கடைசில பாக்கி வச்சுட்டு வட்டி கட்டுறவங்க காசுல நிறைய. அதை அப்பாகிட்ட வாட்ஸாப்ல சொன்னேன், அதுக்குள்ள ஊருக்குப் போயிட்டாரு. "அப்போ வட்டி கட்டுறவன் காசுலதான் உன் பம்பர் ஒட்டுது"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா அவர் சொன்னது தப்பில்ல.

ரென்டல் கம்பெனி கடைசியா அனுப்புன பில்லு இப்படி. ரிப்பேர் 1,180, வண்டி நின்ன நாலு நாளுக்கு லாஸ் ஆஃப் யூஸ் 248, அட்மின் ஃபீஸ் 75, அப்புறம் டிமினிஷ்ட் வேல்யூன்னு ஒரு 150, அதாவது இடிபட்ட வண்டிக்கு மார்க்கெட்ல மதிப்பு குறையுதாம். கவுண்டர் பையன் சொன்னானே லாஸ் ஆஃப் யூஸ் வராதுன்னு, அது இங்கதான் வந்து நின்னுச்சு. கார்டு பக்கம் என்ன சொன்னாங்கன்னா, அந்த நாலு நாள்ல கம்பெனியோட மத்த வண்டியெல்லாம் வாடகைக்குப் போயிருந்துச்சுன்னு காட்டுற ஃப்ளீட் லாக் வேணும், அவங்க பார்க்கிங் லாட்ல பத்து வண்டி சும்மா நின்னா இந்த ஒரு வண்டி நின்னதுல என்ன நஷ்டம்னு. நியாயம்தானே? ஆனா அந்த லாக்கை குடுக்க ரென்டல் கம்பெனிக்கு மனசு வராது. நான் மூணு மெயில், ரெண்டு போன் அடிச்சேன், ஒரு நாள் திடீர்னு 248-ஐயும் 75-ஐயும் அவங்களே பில்லுலேருந்து எடுத்துட்டாங்க. ரிப்பேர் காசு முழுசா கார்டு பக்கத்துலேருந்து வந்துச்சு, கிட்டத்தட்ட நாலரை மாசம் கழிச்சு. டிமினிஷ்ட் வேல்யூ மட்டும் கைடுல தெளிவா கிடையாதுன்னு போட்டிருக்கு, அந்த 150-க்கும் சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கல, கட்டிட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே அப்பாவுக்கு வீடியோ கால். ரிப்பேர் காசு வந்துருச்சுப்பா, ஆயிரத்து நூத்தி எண்பது டாலர், ஒரு பைசா பாக்கி இல்லாமன்னு சொன்னேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு கணக்கு கேட்டாரு, ஒவ்வொண்ணா சொன்னேன், அந்த 150-ஐ சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமா தாண்டப் பார்த்தேன். 31 வருஷம் லெட்ஜர் பார்த்த மனுஷன்கிட்ட நடக்குமா?

"அந்த நூத்தியம்பது யாரு கட்டுனது?"

"நான்தான்பா."

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நீ கேமராவைப் பார்த்து வந்திருக்கலாம்ல?"ன்னாரு.